சத்து மாத்திரை

பிரிக்பீல்ட்ஸ்,
22.1.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நெற்றியில் போட்ட தையலை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். தழும்பு புருவத்துக்குள் மறைந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலன்று நடந்ததைப் பாலனிடம் இனி யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.

அத்தான் என்னை வீட்டுப் படி ஏறாதே என்றார். அவர் அழைக்கும்வரை நான் வரப்போவதில்லை. இதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே. "பாலன் முன்ன மாதிரி இல்ல, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்" என்று மட்டும்தான் நான் சொன்னேன். "டிகிரி வாங்கிட்டு வந்து எம்மவன பைத்தியங்கிறா லா" என்று அவர் கத்தினார். நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. எனக்கு நேரில் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷத் தொடக்கத்தில் பாலன் எப்படி இருந்தான் என்று நினைத்துப் பார். பாசார் மீன்கடையில் நண்டுகளைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து அழுதவன் அவன். "அதுக்குக் கை வலிக்கும்மா" என்றான். நண்டுக்குக் கை எது, கால் எது என்று நாம் சிரித்தோம். ஏப்ரலில் முதல் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு மாத்திரை. நான் பார்த்த வரையில், கடிப்பதும் எறிவதும் மாத்திரைக்குப் பிறகு வந்தவை.

என் வேலை உனக்குத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாள்களைச் சரிபார்ப்பது. பாலன் சாப்பிடும் பினோபார்பிடோனுக்கு ஒரு தாள் வந்தது. பெரியவர்களுக்குத் தூக்கம் தருகிற அந்த மருந்து சில பிள்ளைகளுக்குப் பரபரப்பும் கோபமும் உண்டாக்கலாம் என்று கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு என்றுதான் இருக்கிறது. பாலனும் அதில் ஒருவனா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் பாலனின் கோபத்தைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கிறாயா?

அன்புடன்,
சீதா


கிள்ளான்,
30.1.1984

சீதாவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது என்பதால் என்னுடையதைப் பொறுத்துக்கொண்டு படி.

நீ தாளில் படிக்கிறாய். நான் கூடவே இருந்து பார்க்கிறேன். போன வியாழக்கிழமை பாலன் காம்பஸ் முள்ளால் பக்கத்துப் பையன் கையில் குத்திவிட்டான். கையுறைத் தொழிற்சாலையில் லைனில் நின்றுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியர், "ஏம்மா, நீங்க வளக்கிறது பையனா, புலிக்குட்டியா?" என்று கேட்டார். அந்தப் பையனின் அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துத் துப்பினாள். வீட்டுக்கு வந்ததும் அத்தான் பெல்ட்டை எடுத்தார். பாலன் அழவில்லை. அவர் கையைக் கடித்தான். கோபத்தைப் பற்றி டாக்டரிடம் என்ன சொல்வது? நான் பெற்றது இப்படி என்றா?

அத்தான் முடிவு செய்துவிட்டார். செமினியில் ஒரு ஆசிரமத்தில் இந்த மாதிரிப் பையன்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். மார்ச் பள்ளி விடுமுறையில் கொண்டுபோய் விடுவது என்று பேச்சு. வலிப்பைப் பற்றி அங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் எடுக்கமாட்டார்கள். மாத்திரையைப் பெட்டியில் வைத்து அனுப்புவாராம், அவனே போட்டுக்கொள்வானாம். ஒன்பது வயசுப் பிள்ளை. அவரிடம் எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஏன் மறைக்கிறோம் என்று நீ கேட்கமாட்டாய், உனக்குக் கூச்சம். நானே சொல்கிறேன். உனக்காகத்தான். உனக்குப் பேசியிருக்கும் வாசுவின் அம்மா அத்தானுக்குச் சொந்தச் சித்தி. பெண் வீட்டு ரத்தத்தில் வலிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நிற்குமா? செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த சபாபதியின் மகளுக்கு, அப்பாவும் அம்மாவும் போன பிறகு, வேறு யார் வரிசையில் நிற்கிறார்கள்?

அத்தானின் அக்காள் இதே வீட்டில் இருக்கிறார். வள்ளியம்மா அண்ணி காதுக்குப் போனால் சாயங்காலமே சுங்கை வேயில் சித்தி காதுக்குப் போய்விடும். அதனால்தான் அண்ணியிடம் அது சத்து மாத்திரை. அத்தான் யோசனை. அன்றைக்கு அண்ணி, "எனக்கும் ஒண்ணு குடேன் நல்லம்மா, முட்டி வலி தாங்கல" என்றார். சிரித்து மழுப்பினேன்.

அந்த மாத்திரையும் இப்போது சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கிளினிக்கில் குறைத்துக் கட்டித் தருகிறார்களோ என்னவோ.

நல்லம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
10.2.1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்து டாக்டர் குமரப்பனைப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிளினிக்கில் என் முறை வந்தபோது பின்னால் இருந்த ஒரு கிழவரை முன்னால் போகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணி. கடைசியில் கதவைச் சாத்தும் நேரம் ஆகிவிட்டது, உள்ளே போனேன்.

"பையனோட அம்மா வரலையா?" என்றார்.

வேலை என்றேன். பிறகு பாலனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நானே இவ்வளவு பேசுவேன் என்று நினைக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை ஏம்மா முன்னயே சொல்லல? இந்த மருந்து சில பிள்ளைங்கள இப்படித்தான் ஆட்டி வைக்கும். பையன் கெட்டுப்போயிட்டான்னு அர்த்தம் இல்ல. கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வேற மருந்து இருக்கு, மாத்திப் பாக்கலாம்."

ஆகவே மருந்துதான் காரணமாக இருக்கலாம், அக்கா. ஆசிரமம் தேவைப்படாமல் போகலாம்.

ராத்திரி மட்டும்தானே கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பி வரும் வழியில் அது பொய்யோ என்று தோன்றியது. பொங்கலன்று காலையில் வள்ளியம்மா அக்கா பாலனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். கூடவே அவன் உள்ளங்கையில் வெள்ளை மாத்திரை வைத்தார். "இன்னிக்கு விருந்தாளி வந்திருக்காங்க, ரெண்டா போட்டுக்க, நல்ல புள்ளையா இருக்கணும்" என்றார். நீ சொல்லித்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் அவன் என்மேல் கரும்பை வீசினான். அவரிடம் கேட்டுப் பார். மாத்திரை சீக்கிரம் தீர்வதற்குக் கிளினிக் காரணமாக இருக்காது.

(பக்கம் இரண்டு)

முக்கியமானது இது. டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய வலிப்பைவிடப் பெரிதாக வரும், நிற்காமல் வரும். அவரிடம் காட்டும்வரை ராத்திரி மாத்திரை அப்படியே இருக்கட்டும்.

சீதா


கிள்ளான், பெரிய ஆஸ்பத்திரி,
20.2.1984

சீதா,

வார்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாலன் தூங்குகிறான். உயிருக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை அத்தான் எடுத்துப் படித்துவிட்டார். முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டார். "இந்த எழவு மாத்திரதானா இவ்ளோத்துக்கும் காரணம்?" என்று டின்னோடு கொண்டுபோய்ப் பின்னால் சாக்கடையில் கொட்டினார். இனி வீட்டில் மாத்திரை என்ற பேச்சே இருக்கக்கூடாது என்றார். இரண்டாம் பக்கத்தை நான் படித்துக் காட்டினேன். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றார். நான் மறுநாளே கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். அவர் மனம் மாறட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. நான் ஷிப்டில் இருந்தேன், அத்தான் லோரியோடு துறைமுகத்தில். வீட்டில் அண்ணி மட்டும். நான் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து, வாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது.

உன் கேள்விக்குப் பதில். ஆமாம், காலையில் அண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். "எலும்பும் தோலுமா இருக்கான், நீ கஞ்சத்தனமா ராத்திரிக்கு மட்டும் குடுக்கிற, அதான் நான் குடுத்தேன்" என்று முன்பே ஒருநாள் சொல்லியிருக்கிறார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
27.2.1984

மாத்திரையை நிறுத்தாதே. இனி முக்கியமானதை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை பார்வை நேரத்தில் வார்டுக்கு வந்தேன். நீ குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாய். அத்தான் கட்டில் ஓரத்தில் இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சுங்கை வேக்குப் போய் வாசுவின் அம்மாவைப் பார்த்தேன். அக்காள் மகனுக்கு வலிப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இதை மறைத்து ஒரு சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் சார்சி சோடா ஊற்றிக் கொடுத்து முறுக்கு டின்னை என் முன்னால் திறந்து வைத்திருந்தார். "அதுக்கென்னம்மா, இந்தக் காலத்துல எதுக்குத்தான் மருந்து இல்ல" என்றார். சொல்லிக்கொண்டே டின்னை மூடினார். பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாசு பட்டறையில் இருந்தார், பார்க்கவில்லை.

நீ வருத்தப்படுவாய். ஆனால் இதைக் கணக்காகப் பார். மறைக்க வேண்டிய காரணம் இனி இல்லை. வள்ளியம்மா அக்காவிடம் அது என்ன மாத்திரை என்று சொல். பள்ளியில் சொல். செமினியிலும் யாராவது கேட்டால் சொல், அவர்களே வேண்டாம் என்றால் நல்லது.

அத்தானிடம் நான் போனதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

சீதா


கிள்ளான்,
5.3.1984

சீதா,

உன்னை அறையலாம் போல இருக்கிறது. அதை நீ வரும்போது பார்த்துக்கொள்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

பாலன் வீட்டுக்கு வந்த அன்று அண்ணி என்னை அடுப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"எவ்ளோ நாளா மறைக்கிற?"

"ஒரு வருஷம் ஆகப்போவுது அண்ணி."

"நாங்க முப்பது வருஷமா மறைக்கிறோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி அரிசி களைந்துகொண்டே சொன்னார். அத்தானுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்ததாம். ஏழு வயது வரைக்கும் வந்து, தானாக நின்றுவிட்டதாம். அவருக்கே ஞாபகம் இல்லை. மாமியார் சாகும்வரை வெளியே விடவில்லை. கல்யாணம் பேசியபோது நம் அப்பாவிடமும் சொல்லவில்லை. "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?" என்றார். அத்தானுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் சாவிக்கொத்து எடுத்து வந்து கொடுத்தது யார் தெரியுமா? சித்தி. உனக்கு முறுக்கு டின்னை மூடியவள்.

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "அப்ப நானும் இப்படித்தான் எல்லாரையும் கடிச்சேனா?" என்று கேட்டார்.

"நீ எங்கடா கடிச்ச? உனக்கு யாரு மாத்திர குடுத்தா?" என்றார் அண்ணி.

அத்தான் அந்த ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் லோரிக்குப் போகாமல் எங்களை டாக்டர் குமரப்பனிடம் அழைத்துப் போனார். புதிய மாத்திரை தந்திருக்கிறார். அதைக் கூட்டிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் மறுபடி கொடுக்க ஆரம்பித்த பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். செமினிப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை. விட்டுவிட்டாரா, தள்ளிப்போட்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. இந்த மாத்திரையும் சரிப்படாவிட்டால் என்ன ஆகுமோ.

நேற்று சுங்கை வேயிலிருந்து ஆள் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். "அவ வாசல்ல நின்னு நாலு வீடு கேக்கச் சொல்றேன், யார் வீட்டு ரத்தம்னு" என்கிறார். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நீ சொல். அனுப்பட்டுமா? ஒரு வார்த்தை போதும், சித்தி தாம்பாளத்தோடு ஓடி வருவாள்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
11.3.1984

புதிய மாத்திரை இருந்தாலும் பழையதை டாக்டர் சொன்னதைவிட வேகமாகக் குறைக்காதே.

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பாதே. பயந்து ஓடி வருகிற தாம்பாளம் எனக்கு வேண்டாம். தவிர அந்த வாசலில் நின்று சொன்னால், தெருவில் பேசப்படப் போவது அத்தான். அவர் அதைத் தெரிந்துகொண்டே சில நாள்தான் ஆகிறது.

வள்ளியம்மா அக்காவுக்குச் சொல்லத் தோன்றினால் டாக்டர் குமரப்பனிடம் போய்ச் சொல்லட்டும். அத்தானுக்கு எந்த வயதில் வந்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் பாலனுக்கு மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். அதைப் பார்த்த வேறு யாரும் இப்போது உயிரோடு இல்லை, அவருக்கும் சித்திக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. ஆள் வந்த செய்தி கிடைத்த அன்று வேலை முடிந்து, ரயில் நிலையப் பக்கம் கச்சாங் பூத்தே கடலை வாங்கி நடந்துகொண்டே தின்றேன். உறை காலியான பிறகும் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். வாசுவை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நல்லவர்போல் தெரிந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வார்டில் அத்தான் வெளியே போன பிறகு பாலன் கண் விழித்தான். என் புருவத்தைத் தொட்டு, "நானா?" என்று கேட்டான்.

"கரும்பு" என்றேன்.

"பொய் சொல்றீங்க சின்னம்மா" என்றான். பிறகு, "நான் ஏன் கெட்டவனா ஆனேன்?" என்றான். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். நீ சொல்லிவிடு, அக்கா. அது சத்து மாத்திரை இல்லை, எதற்கான மாத்திரை, அது அவனை என்ன செய்தது என்று. ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன் அவனுக்குச் சொல்.

சீதா


கிள்ளான்,
18.6.1984

சீதா,

ரொம்ப நாளாக எழுதவில்லை. சொல்லும்படி நிலைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

பழைய மாத்திரை முழுவதும் நின்றுவிட்டது. புதியது மட்டும்தான். வலிப்பு வரவில்லை. ஏப்ரல் முழுவதும் கஷ்டப்பட்டோம். ஒருநாள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான், உடைத்துவிட்டு அவனே அழுதான். அழுகிறானே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பார்த்துக்கொள். பள்ளியில் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர், "புலிக்குட்டின்னு சொன்னத மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். நான் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாத்திரை டின் இப்போது அண்ணியிடம். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் டின். எல்லாரிடமும் சொல்கிறார். மீன்காரரிடம்கூட, "எங்க பையனுக்கு வலிப்பு, வேளைக்கு மாத்திர போடணும், சீக்கிரம் நிறுத்துக் குடுங்க" என்று சொல்லி வரிசையில் முந்திவிடுகிறார்.

பாலனிடம் நீ சொன்னபடி சொன்னேன். "அப்ப நான் இல்லையா, மாத்திரையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்து, "காம்பஸால குத்தினதும் மாத்திரையா?" என்றான். மறுநாள் அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டு வந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

நேற்று அத்தான் அவனைப் பாசாருக்குக் கூட்டிப் போனார். அத்தான் இறால் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இவன் நண்டுக் கூடைப் பக்கம் குனிந்து ஒவ்வொன்றாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறான். நண்டெல்லாம் நாலு பக்கமும் ஓட்டம். ஒரு சீனக் கிழவி கூடையை விட்டுவிட்டு மேசைமேல் ஏறிவிட்டாளாம். நண்டுக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தான் நடுவில் போய் நின்று, "என் பையன்தான், எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன் பாஸ்" என்றாராம். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாலன் ஒரு நண்டையும் தொடவில்லை, குழம்பு வாசம் வந்ததும் எழுந்து போய்விட்டான்.

இன்னும் பாதிக் கூடை அண்டாவில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. காலையில் லோரிக்குக் கிளம்பும்போது அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ்ளோ நண்ட யாரு தின்னு தீக்கிறது? ஒன் தங்கச்சிய வரச் சொல்லு."

அக்கா